சுல்தான் பீவியின் கட்டைவிரலுக்கு ஒரு நிறம்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் இது என் முகத்தில் வந்து அப்பிக்கொண்டது.

போன டிசம்பர் பதினைந்தாம் தேதி. மாதா கோயில் வீதியில் தாரிக்கின் கடை. என் ஆதார் அட்டையை நகலெடுக்கக் கொடுத்தேன். கடைக்குள் நூறு பேர் நின்றார்கள். (சரி, நான்கு பேர். வெளியே மழை, அதனால் நூறு பேர் அளவுக்கு இடித்துக்கொண்டு நின்றார்கள்.) வந்த நகலில் என் வலது கன்னத்தின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, வட்டம் வட்டமாக, மாதா கோயில் மணி அளவுக்குத் தெரிந்தது.

"இது யார் விரல்?" என்று கேட்டேன்.

தாரிக் கண்ணாடிப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டே, "சுல்தான் பீவி மாமி விரலு சார். காஞ்சிருக்குன்னு நெனச்சு வச்சுட்டேன். அது ஒரு பெரிய கதை" என்றான்.

ஓய்வு பெற்றவனிடம் அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லக் கூடாது. மழை விட்ட பிறகும் நான் அந்த ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

2

தொடக்கம் ஒன்று:

கார்த்திகை மழை அரசலாற்றின் மேல் ஒரு பெரிய வெள்ளித் திரையைப் போல—

(மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு:

மை என்பது வெறும் திரவமா? மனித குலம் முதன்முதலில் தன்—

(மன்னிக்க வேண்டும். பட்டிமன்றப் பழக்கம்.)

தொடக்கம் மூன்று:

நவம்பர் கடைசியில் பிரான்ஸிலிருந்து அற்புதராஜுக்கு ஒரு பெட்டி வந்தது.

இது போதும். இதிலேயே போவோம்.

3

அற்புதராஜ் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வயது எழுபத்து மூன்று. மனைவியின் பெயர் அற்புதம். இந்தப் பெயர்ப் பொருத்தத்தை நான் இட்டுக்கட்டியதாக நீங்கள் நினைப்பீர்கள். இந்தக் கதையில் நான் இட்டுக்கட்டாத ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று.

பெட்டியை அனுப்பியவள் மகள் ரீட்டா. பிரான்ஸில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு நாள்காட்டி வாங்கிக் கொடுப்பது வழக்கம். அட்டைப் பெட்டியில் இருபத்தைந்து குட்டிக் கதவுகள் இருக்கும். டிசம்பர் ஒன்றிலிருந்து நாளுக்கு ஒரு கதவு, கதவுக்குள் ஒரு சாக்லேட். அற்புதராஜுக்குச் சர்க்கரை, சாக்லேட் கூடாது. அதனால் ரீட்டா வேறொன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். இந்தப் பெட்டியின் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு மைப்புட்டி, ஃபவுண்டன் பேனாவில் ஊற்றும் மை. சுண்டுவிரல் உயரத்தில் இருபத்தைந்து புட்டிகள், இருபத்தைந்து நிறம். எந்தக் கதவுக்குள் என்ன நிறம் என்பது கதவைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது.

அவருக்கு அது ஏற்ற பரிசுதான். ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அங்கிருந்து வரும் காகிதங்களை நிரப்பிக் கொடுப்பது அவர்தான். காசு வாங்க மாட்டார். ஃபவுண்டன் பேனாவைத் தவிர வேறு பேனாவைத் தொடவும் மாட்டார்.

முதல் நாள் கதவுக்குள் வெங்காயத் தோல் நிறம் இருந்தது. இரண்டாம் நாள் தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பொரித்த நண்டின் நிறம். மூன்றாம் நாள் பழுக்கப் போகிற கொய்யாவின் நிறம். அற்புதராஜ் ஒவ்வொன்றையும் பேனாவில் நிரப்பி, நோட்டில் தேதி போட்டு, தன் பெயரைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தார். நாற்பது வருஷமாக நீலக்கறுப்பு மை மட்டும் ஊறிய அந்தப் பேனா நிப்பு, கொய்யாவைக் கண்டதும் வெட்கப்பட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே இல்லையாம்.

(இதைத் தாரிக் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.)

4

நான்காம் தேதி, பிற்பகல் அஸர் தொழுகை முடித்துவிட்டு சுல்தான் பீவி வந்தார்.

இவர் அற்புதராஜுக்கு மூன்றாம் வீடு. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிப் பல வருஷம். அந்தப் பென்ஷன் சுல்தான் பீவிக்கு வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை 'இவர் உயிருடன் இருக்கிறார்' என்ற காகிதம் இங்கிருந்து போக வேண்டும். அற்புதராஜ் நிரப்புவார், சுல்தான் பீவி கைநாட்டு வைப்பார், உள்ளூர் அதிகாரி முத்திரை குத்துவார், தாரிக் அதை ஸ்கேன் பண்ணி அனுப்புவான்.

அன்று அற்புதராஜ் காகிதத்தை நீலக்கறுப்பு மையில் ஒழுங்காக நிரப்பி, வயலட் ஸ்டாம்ப் பேடை நகர்த்தி வைத்தார். சுல்தான் பீவியின் கண் அங்கே இல்லை. மேஜைமேல் அன்றைய புட்டி திறந்திருந்தது. வெளிறிய பொன் நிறம். உள்ளே பொடிப்பொடியாக ஜரிகைத் தூள் மிதந்துகொண்டிருந்தது.

"தம்பி, எனக்கு இதுல வைங்க."

"லாத்தா, அது எழுதுற மை." (எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்கா என்பதற்கு லாத்தா. அற்புதராஜ் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்.)

"ரேஷன் கடைக்கு வயலட்டு, பேங்குக்கு வயலட்டு, பத்திரத்துக்கும் வயலட்டு. ஒரு தடவ அழகா வச்சா என்ன கொறஞ்சு போவுது? நான் உசுரோட இருக்கேன்னுதானே சொல்லப்போறேன். நல்ல சேதிதானே."

அற்புதராஜுக்கு இதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. பஞ்சை மையில் நனைத்து அந்த விரலில் அவரே தடவிவிட்டார். காகிதத்தில் ரேகை மின்னியது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் ஒரு மின்னல், விளக்குப் பக்கம் சாய்த்தால் வேறொரு மின்னல். அற்புதம் சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். முத்திரை குத்திய அதிகாரி எழுந்து நின்று பார்த்தாராம். (உட்கார்ந்தபடி பார்த்திருக்கலாம். என் கதையில் அதிகாரிகள் எழுந்து நிற்பார்கள்.)

பத்தாம் தேதி பிரான்ஸிலிருந்து பதில் வந்தது. கையொப்பத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் மறுபடி அனுப்பாவிட்டால் சம்பந்தப்பட்டவர் உயிருடன் இருப்பதாகக் கருத இயலாது.

தாரிக் அனுப்பிய ஸ்கேனை எடுத்துப் பார்த்தார்கள். மனிதக் கண்ணுக்கு மின்னிய பொன் நிறம், இயந்திரத்தின் கண்ணுக்கு வெள்ளைக் காகிதமாகத் தெரிந்திருக்கிறது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. சுல்தான் பீவி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் யாரும் இல்லை.

அற்புதராஜ் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் நிரப்பிய ஒரு காகிதமும் திரும்பி வந்ததில்லை. வந்த முதல் காகிதம், ஒரு மனுஷி உயிரோடு இல்லை என்கிறது. பஞ்சைத் தடவிய கை அவருடையது.

5

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். வயலட் பேடை எடு, விரலை வை, அனுப்பு. என் மனைவியும் இதைத்தான் சொன்னாள். எழுத்துக்காரர்களின் மனைவிமார் கதைகளை இப்படித்தான் ஐந்தாம் பகுதியிலேயே முடித்துவிடுவார்கள்.

சுல்தான் பீவி சம்மதிக்கவில்லை. புதுப் படிவத்தை அற்புதராஜ் நிரப்பி, அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, பேடைத் திறந்து வைத்தபோது அவர் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஒரு தடவ நல்ல கலர வச்சேன். தெரியலன்னுட்டாங்க. இப்ப வயலட்ட வச்சா, அவங்க சொன்னது சரின்னு ஆயிடும். அதுக்கு நான் மவுத்தாயிட்டேன்னே எழுதி அனுப்பிடுங்க தம்பி."

கெஞ்சிப் பார்த்தார்கள். அவர் இறங்கி வந்தது ஓர் அங்குலம்தான். திறந்த பத்தில் ஒன்றும் ஆகவில்லை, பெட்டியில் இன்னும் நிறம் இருக்கிறதே, மெஷினுக்கும் தெரிய வேண்டும், தனக்கும் பிடிக்க வேண்டும், அப்படி ஒன்று வந்தால் வைக்கிறேன் என்றார்.

அற்புதம் உடனே, மீதிக் கதவுகளையும் திறந்து பார்த்துவிடலாமே என்றார். சுல்தான் பீவியும் அதையே சொன்னார். அற்புதராஜ் மாட்டேன் என்றார். நாளுக்கு ஒன்று.

(இந்தப் பாத்திரத்தை இங்கே நான் சந்தேகப்பட்டேன். ஒரு மனுஷியின் உயிர் காகிதத்தில் தொங்குகிறது, இவர் அட்டைக் கதவுக்குக் காவல் நிற்கிறாரே, வாசகர் நம்புவாரா? நேரில் போய் விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: ரீட்டாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, பிரான்ஸில், அவள் இருபத்தைந்து சாக்லேட்டையும் முதல் நாளே தின்றுவிட்டாள். அவர் அடித்தார். கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்தக் காலிப் பெட்டியை அவள் கண்ணெதிரிலேயே வைத்திருந்தார். இப்போது பெட்டியை அனுப்பியவள் போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறாள்: "பப்பா, நாளுக்கு ஒண்ணு, சரியா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம். நம்பிவிட்டேன்.)

6

ஆக, தினம் மாலை நான்கரைக்கு ஊர்வலம். கதவைத் திறப்பது, பஞ்சை நனைப்பது, வெள்ளைத் தாளில் விரலை வைப்பது, குடையைப் பிடித்துக்கொண்டு தாரிக் கடைக்குப் போவது, மெஷினுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது.

பதினொன்று: மாங்கொழுந்து. மெஷினில் ஒரு கொசு இறகு அளவுக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு: சுத்தமான கறுப்பு. அற்புதராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். சுல்தான் பீவி அதைப் பார்த்துவிட்டு, இதுக்கு பிரான்ஸிலிருந்து எதற்குக் கப்பல் ஏறி வரணும், எங்க வீட்டுச் சட்டி அடியிலேயே இருக்கு என்றார்.

பதின்மூன்று: ஒரு சிவப்பு. மெஷின் பளிச்சென்று படித்தது. தாரிக் கைதட்டினான். "உசுரோட இருக்கேன்னு ரத்தத்துலயா எழுதிக் குடுப்பாங்க?" என்று சுல்தான் பீவி கேட்க, அதுவும் போயிற்று.

பதினான்கு: வயலட். ஸ்டாம்ப் பேடின் அதே வயலட், அச்சு அசல். கடல் தாண்டி வந்த அந்த நிறத்தை இருவரும் பேடுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அற்புதராஜ்தான் வேண்டுமென்றே பழைய பேட் மையைப் புட்டியில் ஊற்றி வைத்துவிட்டார் என்று சுல்தான் பீவி இன்றுவரை நம்புகிறார்.

பதினைந்து: கருநீலம். சாய்த்துப் பார்த்தால் அதற்குள்ளிருந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. மெஷினுக்குத் தெரிந்தது. சுல்தான் பீவிக்கும் பிடித்தது. அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த மை காயவே இல்லை. ஃபேனுக்கு அடியில் வைத்தார்கள். அற்புதம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். மார்கழி பிறக்கப் போகிற ஈரத்தில் அது காய்வதற்குப் பங்குனி ஆகும்போலத் தெரிந்தது. தாளிலிருந்து மெஷின் கண்ணாடிக்கு, கண்ணாடியிலிருந்து என் கன்னத்துக்கு என்று அது பயணம் போனதைத்தான் உங்களிடம் முதலிலேயே சொன்னேன். அப்படி இழுகிய கைநாட்டை எந்த அலுவலகமும் ஏற்காது என்று அற்புதராஜே வேண்டாம் என்றார்.

பதினாறு, பதினேழு, பதினெட்டு: எலுமிச்சை, ரோஜாப்பூ பவுடர், நீராகாரம். மூன்றையும் மெஷின் கண்டுகொள்ளவில்லை.

குறிப்பு: இந்த நாட்களில் கடையில் வேடிக்கை பார்க்க அம்பகரத்தூர், நெரவி, பூவம் வரையிலிருந்து ஜனம் திரண்டது, தனி பஸ் விட்டார்கள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். தாரிக் படித்துவிட்டு, சார் பஸ்ஸை மட்டுமாவது எடுத்துடுங்க என்றான். எடுத்துவிட்டேன்.

இன்னொரு குறிப்பு: சுல்தான் பீவியிடம் கதை எழுத அனுமதி கேட்கப் போனபோது, அவர் போட்ட ஒரே நிபந்தனை, வயசைக் குறைச்சுப் போடணும். காகிதத்தில் எண்பத்தொன்று. கதையில் எழுபது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7

முடிவு ஒன்று: பத்தொன்பதாம் தேதி கதவைத் திறந்தால், மயில் கழுத்து நிறம். மெஷினுக்கும் தெரிகிறது, சுல்தான் பீவிக்கும் பிடிக்கிறது, உடனே காய்கிறது. எல்லோரும் டீ குடிக்கிறார்கள்.

(எழுதி முடித்துப் படித்தேன். மயில் நல்ல பறவைதான். ஆனாலும் இவ்வளவு உபகாரமாக வரும் மயிலை நான் நம்ப மாட்டேன்.)

முடிவு இரண்டு: பத்தொன்பதாம் தேதி காலை, மூன்றாம் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அற்புதராஜ் போய்த் தட்டுகிறார். மறுபடி—

(இல்லை. உயிருடன் இருப்பதாகக் காகிதம் அனுப்புகிற கதையில் ஆளைக் கொல்வது கேவலமான வேலை. இதை எழுதிய அரைப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, ஆனாலும் போட்டேன்.)

முடிவு மூன்று: பதினெட்டாம் தேதி மத்தியானம் அற்புதம் கண்ணயர்ந்திருக்கும்போது, அற்புதராஜ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்தொன்பதாம் எண் கதவின் விளிம்பில் நகத்தை—

(இது நடந்தது. அவரே சொன்னார். நகத்தை எடுத்துவிட்டாராம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.)

8

பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. இருபது சனிக்கிழமை, அங்கே அலுவலகம் இருக்காது. ஆகவே இன்றுதான் கடைசி.

சுல்தான் பீவி குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதிகாரிக்குப் போன் பண்ணியாயிற்று. தாரிக் கடையை எட்டு மணி வரைக்கும் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். மேஜைமேல் படிவம், அதில் ஒரே ஒரு காலிக் கட்டம், பக்கத்தில் பஞ்சு.

அற்புதராஜ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, சுல்தான் பீவி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"லாத்தா, நீங்களே தெறங்க. ஒண்ணு இல்ல, ஏழையும் தெறங்க. எது புடிக்குதோ, எது மெஷினுக்குத் தெரியுதோ, அதை வச்சு அனுப்பிடுவோம். ரீட்டாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அற்புதம், புருஷன் வேறு வேதத்துக்குப் போய்விட்டவரைப் போல அவரைத் திரும்பிப் பார்த்தார்.

சுல்தான் பீவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எண்கள் தெரியும் அவருக்கு, எழுத்துத்தான் தெரியாது. பத்தொன்பதைத் தேடிக் கண்டுபிடித்து, நகத்தால் நெம்பினார். அட்டை கிழிபட்டுத் திறந்தது. புட்டியை எடுத்து, மூடியைத் திருகாமலேயே, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"மிச்சமும்" என்றார் அற்புதராஜ்.

"வேணாம்."

"ஒம்போது நாளா எல்லாத்தையும் தொறன்னு என் உயிர வாங்குனது நீங்கதானே?"

"நீங்க தொறக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானே கேட்டேன்." அவர் பெட்டியை மெல்ல அற்புதராஜ் பக்கமே தள்ளினார். "ஏழையும் இன்னைக்கே தொறந்துட்டா, நாளைக்குச் சாயங்காலம் நான் எங்க போறது தம்பி?"

அற்புதம் டீ போட உள்ளே போனவர், சர்க்கரை போட்டதா போடாததா என்று மறந்து மூன்று டம்ளரையும் ருசி பார்த்தார்.

"இது ஆகலன்னா?" என்றார் அற்புதராஜ் கடைசியில். "இன்னைக்குப் போகலன்னா நீங்க இல்லன்னுடுவாங்க லாத்தா."

"அவங்க சொல்றத அவங்க சொல்லட்டும். நீங்க மூடியத் தெறங்க."

9

அந்தப் புட்டியில் என்ன நிறம் இருந்தது, தாரிக்கின் மெஷின் அதைப் பார்த்ததா என்பது எனக்குத் தெரியும். அந்த ஸ்டூலில் அன்றும் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நான் சொன்னால் யார் நம்புவது? ஒன்பது பகுதியில் நான் எத்தனை பொய் சொன்னேன் என்று எண்ணிக்கொண்டுதானே வந்திருக்கிறீர்கள். நல்ல முடிவைச் சொன்னால் வழக்கம்போல ஊதிவிட்டான் என்பீர்கள். கெட்ட முடிவை எழுத என் கை வராது. அந்த அரைப் பக்கத்தோடு அது போதும் என்றாகிவிட்டது. ஒரு மனுஷி இருக்கிறாரா இல்லையா என்ற விஷயத்தில், என்னைவிடக் கொஞ்சம் நம்பத் தகுந்த ஆள் வேண்டும்.

அற்புதராஜ் புட்டியை மூன்று தடவை குலுக்கிவிட்டார். மூடியைத் திருகிவிட்டார். பஞ்சு நனைந்துவிட்டது. சுல்தான் பீவி சேலைத் தலைப்பிலிருந்து கையை எடுத்து, கட்டைவிரலை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

நிறத்தை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் அடர்த்தியாகவே சொல்லுங்கள். தாரிக்குடையது பழைய மெஷின்.